வடசேரியில் மலரும் உலோகப் பூ

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்ததும் தோவாளை வரும். அங்குள்ள பூச்சந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிச்சியும் மல்லிகையும் அரளியும் ரோஜாவும் விடியற்காலையிலேயே அங்கு குவிந்துவிடும். மாலைக்குள் அவை வாடத் தொடங்கும். அங்கிருந்து சிறிது தூரத்தில், நாகர்கோவில் நகரின் வடசேரியில் வேறு ஒரு வகைப் பூ உருவாகிறது. அது வாடுவதில்லை. அது வெள்ளி, அரக்கு, சிவப்புக் கற்கள், தங்கம் ஆகியவற்றால் ஆன பூ.

பரதநாட்டியம் ஆடும் பெண்ணின் தலையின் பின்புறம், கொண்டைக்கு மேல் வட்டமான ஓர் அணி மின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு ராக்கொடி என்று பெயர். நடுவில் ஒரு பெரிய கல், அதைச் சுற்றி வளையம் வளையமாக இதழ் போன்ற சிவப்புக் கற்கள் என்று பூத்திருக்கும். நெற்றிச் சுட்டி, சூரியன், சந்திரன், ஜிமிக்கி, சடைநாகம், ஒட்டியாணம் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்த அணிகளே. முற்காலத்தில் கோயில் சிலைகளுக்குச் செய்யப்பட்டதால் இவற்றைக் 'கோயில் நகைகள்' என்கிறோம். 'நாகர்கோவில் கோயில் நகை' 2007-08ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இந்தப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். இதில் அத்தனை கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய தங்க விளிம்பு இருக்கிறது. பசை எதுவும் இல்லை. கற்களைப் பிடித்து வைத்திருப்பது எது? விடையைத் தெரிந்துகொள்ள, பட்டறையில் நடப்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அடித்தால் கடினமாகும், சுட்டால் இளகும்

முதல் வேலை வெள்ளியை உருக்குவது. வெள்ளி 962 டிகிரி சென்டிகிரேடில் உருகும். உருகிய வெள்ளியைக் கட்டியாக வார்த்து, பட்டடைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்துத் தகடாக்குகிறார்கள். இன்று தகடு உருட்டும் பொறியும் உதவிக்கு இருக்கிறது.

கல்லை அடித்தால் உடைகிறது. வெள்ளி ஏன் உடையாமல் விரிகிறது? உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குடன் அமைந்துள்ளன. அவற்றின் வெளி எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவுகின்றன. எனவே ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் சறுக்கினாலும் பிணைப்பு அறுந்துபோவதில்லை. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் சறுக்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெள்ளி முரண்டு பிடிக்கும். அடுக்குகளில் ஏற்படும் குறைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் சறுக்குவது கடினமாகிறது. அதற்கு மேலும் அடித்தால் தகட்டின் ஓரம் வெடிக்கும். அனுபவமுள்ள ஆசாரி இதைச் சுத்தியலின் ஓசையிலேயே உணர்ந்துகொள்வார். உடனே தகட்டை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிடுவார். அந்த வெப்பத்தில் சிக்கலான படிகங்கள் மறைந்து புதிய படிகங்கள் உருவாகின்றன. வெள்ளி மீண்டும் இளகுகிறது. அடிப்பதும் காய்ச்சுவதும் இப்படி மாறி மாறி நடக்கும்.

பொடி வைத்து ஊதுதல்

தகட்டிலிருந்து பூவின் அடிப்பாகத்தை வெட்டி எடுக்கிறார்கள். அதன்மேல், இதழ் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சுவர் எழுப்ப வேண்டும். மெல்லிய வெள்ளி நாடாவை இதழ் வடிவில் வளைத்து நிறுத்தி அடித்தகட்டோடு பற்றவைக்கிறார்கள். சுவரும் வெள்ளி, அடித்தகடும் வெள்ளி. இரண்டும் உருகாமல் இடையில் உள்ளது மட்டும் உருக வேண்டும். எப்படி?

இங்கே ஒரு வியப்பான உண்மை பயன்படுகிறது. வெள்ளியின் உருகுநிலை 962 டிகிரி, செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. ஆனால் 72 பங்கு வெள்ளியையும் 28 பங்கு செம்பையும் கலந்தால் அந்தக் கலவை 779 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! உப்புக் கலந்த நீர் பூஜ்ய டிகிரியிலும் உறையாமல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் போன்றதே இதுவும். சிறிது துத்தநாகம் சேர்த்தால் உருகுநிலை இன்னும் இறங்கும். இவ்வாறு ஆன பற்றாசைத்தான் பட்டறையில் 'பொடி' என்கிறார்கள்.

பொடியோடு வெங்காரத்தையும் வைக்க வேண்டும். சூட்டில் வெங்காரம் கண்ணாடி போல உருகிப் பரவும். உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்து, காற்று படாமல் மூடிக்கொள்ளும். ஆக்சைடு இருந்தால் பற்றாசு ஒட்டாது. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். நம் கேள்விக்கான விடை இதில்தான் ஒளிந்திருக்கிறது.

பிறகு ஊதுகுழலால் சுடரை அந்த இடத்தில் பாய்ச்சுகிறார்கள். இப்போது எரிவாயுச் சுடர் வந்துவிட்டது. முன்பு வாயாலேயே ஊதினார்கள். நாகசுரக் கலைஞரைப் போலக் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே இடைவிடாமல் ஊத வேண்டும்.

அரக்கு வந்தபின் நெருப்புக்கு விடை

இப்போது பூ வெறும் வெள்ளிக் கூடு. அதற்குள் அரக்குக் கலவையை நிரப்புகிறார்கள். அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். ஏறக்குறைய 75 டிகிரியில் இளகும், ஆறினால் கெட்டியாகும். மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். நம் முன்னோர் கையாண்ட 'பிளாஸ்டிக்' என்றே இதைச் சொல்லலாம்.

அரக்கு கருமையாக இருக்கும். அதன்மேல் கல்லை அப்படியே வைத்தால் கல் இருண்டு தோன்றும். அதனால் கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தகடு ஒன்றை வைக்கிறார்கள். கல்லுக்குள் புகுந்த ஒளி தகட்டில் பட்டுத் திரும்பி மீண்டும் கல் வழியாகவே வெளிவருகிறது. ஒளி இருமுறை சிவப்பைக் கடப்பதால் நிறம் ஆழமாகத் தெரிகிறது. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியிலும் இந்த நகைகள் சுடர்விடுவதற்கு இதுவே காரணம்.

சிவப்புக் கல்லைக் கெம்பு என்பார்கள். உண்மையான மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடுதான். அதில் சிறிதளவு கலந்துள்ள குரோமியம் ஊதா நிறத்தையும் பச்சை நிறத்தையும் விழுங்கிவிடுவதால் கல் சிவக்கிறது. மாணிக்கத்தைச் சுடரில் உருக்கி வளர்க்கும் முறையை வெர்னேய் என்ற பிரெஞ்சு அறிவியலார் 1902இல் வெளியிட்டார். நடன நகைகளில் இன்று பெரும்பாலும் செயற்கைக் கற்களே இடம்பெறுகின்றன.

இனிதான் சிக்கல். கல்லைச் சுற்றி உலோகத்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் நெருப்பைக் கிட்டே கொண்டுவந்தால் அரக்கு உருகி ஓடிவிடும், கல்லும் வெடிக்கலாம். நெருப்பில்லாமல் உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்க முடியுமா?

சப்பாத்தி மாவு சொல்லும் பாடம்

வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது இரண்டு உருண்டைகளை எடுத்து ஒன்றோடொன்று அழுத்துங்கள். அவை ஒன்றாகிவிடும். இன்னும் இரண்டு உருண்டைகளை எடுத்து, உலர்ந்த மாவில் புரட்டிய பிறகு அழுத்துங்கள். எளிதில் ஒட்டா.

உலோகங்களும் இப்படித்தான். முற்றிலும் தூய்மையான இரண்டு உலோகப் பரப்புகள் நெருங்கித் தொட்டால் அவற்றின் அணுக்கள் தாமாகவே பிணைந்துவிடும். நம் வீட்டுக் கத்தியும் கரண்டியும் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றின்மேல் ஆக்சைடுப் படலத்தை உண்டாக்கிவிடுகிறது. உலர்ந்த மாவு செய்யும் வேலையை அந்தப் படலம் செய்கிறது. பரப்பிலுள்ள மேடுபள்ளங்களும் நெருக்கத்தைத் தடுக்கின்றன.

தங்கம் ஆக்சிஜனோடு சேராத உலோகம். அதன்மேல் படலம் உண்டாவதில்லை. மேலும், தூய தங்கம் மிகவும் மென்மையானது. அழுத்தினால் மேடுபள்ளமெல்லாம் நசுங்கிப் படிந்துவிடும். ஆகவே 24 காரட் தங்க ரேக்கை மடித்துக் கல்லின் விளிம்புக்கும் வெள்ளிச் சுவருக்கும் இடையில் வைத்து, எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்த்தால் மடிப்பும் மடிப்பும் பிணைந்து ஒரே தங்கமாகிவிடுகிறது. அதற்கு அறையின் சாதாரண வெப்பமே போதும். இதைக் குளிர்நிலைப் பற்றவைப்பு என்பார்கள். ஜெய்ப்பூரின் குந்தன் நகைகளிலும் இதே தத்துவம்தான். 22 காரட் தங்கம் இதற்கு உதவாது. அதில் கலந்துள்ள செம்பு தங்கத்தைக் கடினமாக்கும், ஆக்சைடையும் உண்டாக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பல் மருத்துவர்கள் சொத்தைப் பல்லில் தங்கத் தகட்டை இப்படியே அழுத்தி அடைத்தார்கள். விண்வெளியில் இதே பண்பு தொல்லையும் தரும். 1991இல் வியாழனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா முழுமையாக விரியவில்லை. உராய்வைக் குறைக்கும் பூச்சு தேய்ந்து, உலோகப் பகுதிகள் சிக்கிக்கொண்டதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினர். காற்றில்லாத இடத்தில் தேய்ந்த ஆக்சைடுப் படலம் மீண்டும் உண்டாவதில்லை அல்லவா?

தங்கம் எவ்வளவு மெலியும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் எடை 19.3 கிராம். ஒரு கிராம் தங்கத்தை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குத் தட்டினால் அது ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் பரப்பை மூடும். கல் பதிக்கும் ரேக்கு இத்தனை மெல்லியதன்று. எனினும், சிறிதளவு தங்கம் பூ முழுவதையும் பொன்னாக்கிவிடுவதன் இரகசியம் இதுவே.

இறங்கிவரும் படிகள்

வேலையின் வரிசையைத் திரும்பிப் பாருங்கள். உருக்க 962 டிகிரி, பற்றவைக்க 779 டிகிரியோ அதற்கும் குறைவோ, அரக்குக்கு 75 டிகிரி, தங்கத்துக்கு நெருப்பே வேண்டாம். ஒவ்வொரு வேலையும் முந்திய வேலையைக் கெடுக்காத வெப்பத்தில் நடக்கிறது. ஒரு படி மாறினாலும் பூ பாழாகிவிடும். உருகுநிலை அட்டவணையும் வெப்பமானியும் இல்லாத காலத்திலேயே இந்த வரிசையைக் கண்டுபிடித்து, கைவழியாக அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று அச்சில் வார்த்து, முலாம் பூசி, பசையால் கல் ஒட்டிய நகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. நடனம் கற்கும் பல பிள்ளைகளுக்கு அவைதான் கட்டுப்படியாகும். அதில் தவறில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. வடசேரிப் பூவில் ஒரு கல் விழுந்தால், ரேக்கை விலக்கி, அரக்கை இளக்கி, புதுக் கல் வைத்து மீண்டும் மூடிவிடலாம். இறங்கிவந்த படிகளில் திரும்ப ஏறவும் முடியும். இந்தப் படிகளைக் கற்றுத் தேர ஒருவருக்குப் பல ஆண்டுகள் ஆகும். இந்தத் தொழிலில் இருப்பவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். நகை கெட்டால் சரிசெய்துவிடலாம். சரிசெய்யத் தெரிந்தவர் இல்லாமல் போனால் என்ன செய்வது?

செய்து பாருங்கள்

ஒரு சாண் நீளமுள்ள, மேலுறை நீக்கிய செம்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் சில முறை முன்னும் பின்னும் வளையுங்கள். அந்த இடம் விறைப்பாவதை விரல்களே சொல்லும். பெரியவர் ஒருவரின் துணையோடு, கம்பியை இடுக்கியால் பிடித்து அடுப்புச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, நன்றாக ஆறவிடுங்கள். இப்போது மீண்டும் வளைத்துப் பாருங்கள். என்ன வேறுபாடு தெரிகிறது? அடித்தும் காய்ச்சியும் ஆசாரி வெள்ளியை வசப்படுத்துவது இதே முறையில்தான்.