விளைக்கு நீர் ஏற்ற மோட்டார் பெரிதாக வேண்டுமா, குழாய் பெரிதாக வேண்டுமா?

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் கால்வாய் வழியே தானாகவே நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இறங்கி வருகிறது. மேட்டிலுள்ள விளைகளின் நிலை அப்படியல்ல. மட்டி, செவ்வாழை, நேந்திரன் நட்டுள்ள விளைகளுக்குக் கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ நீரை ஏற்றித்தான் பாய்ச்ச வேண்டியுள்ளது. குழாய் முனையில் நீர் மெலிந்து விழுந்தால் உடனே பெரிய மோட்டார் வாங்கிவிடுகிறோம். ஆனால் பல இடங்களில் குறை குழாயில்தான் இருக்கிறது.

குழாயினுள் ஓடும் நீர் அதன் சுவரோடு உராய்கிறது. இதனால் இழக்கப்படும் அழுத்தத்தையும் உயரக் கணக்கில் சேர்த்துப் பம்பு தள்ள வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். நீர்மட்டத்திலிருந்து விளைக்கு 10 மீட்டர் உயரம். குழாய் நீளம் 100 மீட்டர். தேவை விநாடிக்கு 4 லிட்டர். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள பி.வி.சி. குழாயில் உராய்வு இழப்பு ஏறத்தாழ 9 மீட்டர். அதாவது, ஏறக்குறைய இன்னொரு கிணற்றின் ஆழம்! அதுவே 75 மி.மீ. ஆனால் 1¼ மீட்டர்தான். வளைவு, புட்வால்வு ஆகியவற்றுக்கு 1 மீட்டர் சேர்த்து, பம்பின் திறனைப் பாதி என வைத்துக் கணக்கிட்டால், முதல் குழாய்க்கு 2 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தேவை. 3 குதிரைத்திறன் மோட்டார்தான் வாங்க வேண்டிவரும். இரண்டாவதற்கு 1½ போதும். மின்சாரம் இலவசம் என்பதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. டீசல் ஊற்றி இறைப்பவரைக் கேளுங்கள்!

இக்கணக்கு புதிதல்ல. பேச்சிப்பாறை அணை முடிந்த 1906-க்கு ஓராண்டு முன்பே ஹேசன், வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் இதற்கான அட்டவணைகளை வெளியிட்டனர். இன்று அதே சூத்திரத்தில் இயங்கும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைபேசியில் நீளம், விட்டம், நீரளவு ஆகிய மூன்றையும் இட்டால் இழப்பு எவ்வளவு என்பது உடனே தெரியும்.

ஆனால் இடும் எண் சரியாக இருக்க வேண்டும். பி.வி.சி. குழாயில் அச்சிட்டுள்ள 63, 75 என்பவை வெளிவிட்டம். கணிப்பான் கேட்பது உள்விட்டம். கடையிலேயே அளந்து பாருங்கள். நீரளவை ஊகிக்க வேண்டாம்: 200 லிட்டர் டிரம் 50 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 4 லிட்டர். சில கணிப்பான்கள் காலன் கணக்கில் கேட்கும். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பழைய ஆங்கிலக் காலன் 4.546 லிட்டர். குழாயின் வழவழப்பைக் குறிக்கும் எண்ணாகப் பி.வி.சி.க்கு 140 இடலாம். துருவேறிய பழைய இரும்புக் குழாய்க்கு 100 இட்டுப் பாருங்கள். இழப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

இன்னொன்றை இந்தக் கணிப்பான் சொல்லாது. கரையில் வைத்த பம்பு நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் நீரை நன்றாக உறிஞ்சாது. கோடையில் நீர்மட்டம் அதற்கும் கீழே போகும் கிணறுகளில் பம்பைக் கிணற்றுக்குள் ஒரு திட்டில் இறக்கி வைக்கவும், அல்லது நீர்மூழ்கிப் பம்பு பொருத்தவும்.