காற்றுத் தூரிகை வாங்கப் போகுமுன்



விமானம், கப்பல், இரயில் வண்டி, இயந்திர மனிதன் முதலியவற்றின் சிற்றுருக்களைப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி உருவாக்கி, அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது இன்று பலருக்கு இனிய பொழுதுபோக்காக இருக்கிறது. ஜப்பானில் 1980-ஆம் ஆண்டு ‘கண்டாம்’ இயந்திர மனிதனின் மாதிரி 300 யென் விலையில் முதன்முதலாக வெளிவந்தது. இன்று ஜொகூர் பாருப் பேரங்காடிகளில் அத்தகைய பெட்டியைக் கண்டு நின்றுவிடாத பிள்ளைகள் குறைவு. பெட்டியை வாங்கி ஒட்டி முடித்தவுடன் அடுத்த ஆசை பிறக்கிறது. அதுதான் ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை. சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியை வீணாக்காமல் அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று பார்ப்போம்.

கையால் பிடிக்கும் தூரிகை போதாதா என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1942 சனவரி 26 அன்று நம் ஜொகூரின் எண்டாவ் கரையில் இறங்கிக்கொண்டிருந்த ஜப்பானியப் படையைத் தாக்க, வில்டபீஸ்ட் என்னும் பழைய ஈரடுக்கு இறக்கை விமானங்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. அவற்றுக்குத் துணையாகச் சென்றவற்றுள் பஃபலோ விமானங்களும் உண்டு. சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தப் பஃபலோவின் இறக்கை விரிவு ஏறத்தாழ 10.67 மீட்டர். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்யப்படும் மாதிரியில் அது 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு சாண்கூட இல்லை. அதன்மேல் தூரிகை மயிர் அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு வரி விட்டுச்சென்றால், உண்மையான விமானத்தில் 36 மில்லிமீட்டர் உயரத்துக்கு வண்ணம் திரண்டு நிற்பதற்கு அது சமம். கரும்பச்சையும் மண்பழுப்பும் ஒன்றோடொன்று மெல்லக் கலக்கும் ஓரத்தைக் காட்டுவதும் கைத்தூரிகைக்கு எளிதன்று. பனிப்படலம்போல வண்ணத்தைப் படியவைக்கும் கருவி வேண்டியிருப்பது இதனால்தான்.

இக்கருவி புதியதன்று. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் 1870-களின் இறுதியில் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1890-களில் சார்லஸ் பர்டிக் என்பவர் இன்றைய கருவிக்கு முன்னோடியான ஒன்றை அமைத்தார். தத்துவம் எளியது. முன்பு நம் வீடுகளில் கொசு மருந்து அடித்த கைப்பம்பு நினைவிருக்கிறதல்லவா? வேகமாகப் பாயும் காற்று, குழாயின் நுனியில் அழுத்தத்தைக் குறைக்கிறது. அங்கே மருந்து மேலேறி நுண்துளிகளாகச் சிதறுகிறது. காற்றுத் தூரிகையில் நடப்பதும் அதுவே. இதில் நடுவே ஓர் ஊசி இருக்கிறது. ஊசி பின்னோக்கி நகர்ந்தால் வாய் திறந்து வண்ணம் வருகிறது. முன்னோக்கி நகர்ந்தால் அடைபடுகிறது.

கடையில் நாம் காணும் கருவிகள் இரு வகை. ஒற்றைச் செயல் கருவியில் விசையை அழுத்தினால் காற்று வரும். வண்ணத்தின் அளவை வேறொரு திருகால் முன்கூட்டியே அமைக்க வேண்டும். இரட்டைச் செயல் கருவியில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னே இழுத்தால் வண்ணம். பழகச் சில நாள் ஆகும். ஆனால் மெல்லிய கோடும் அகன்ற பூச்சும் ஒரே கருவியில் கிடைக்கும். விலையில் பெரிய வேறுபாடு இல்லாததால் தொடக்கத்திலேயே இரட்டைச் செயலை வாங்குவது நல்லது.

அடுத்தது வண்ணக் கிண்ணம். கிண்ணம் மேலே அமைந்திருந்தால் வண்ணம் தானாகவே இறங்கும். குறைந்த அழுத்தம் போதும், சில துளி வண்ணத்திலும் வேலை நடக்கும். கீழே புட்டி தொங்கும் வகை பெரிய பரப்புக்கு ஏற்றது. சிறு மாதிரிகளுக்கு மேற்கிண்ணமே போதும். நுனித்துளை 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் எனப் பல அளவில் வரும். 0.2 அடிக்கடி அடைத்துக்கொண்டு பழகுநரை அழவைக்கும், 0.5 அடிப்பூச்சுக்கு நன்று. ஒன்றே ஒன்று வாங்குவதானால் 0.3 என்போம்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் கருவிகளைப் பின்பற்றிச் செய்த மலிவுக் கருவிகள் நூறு வெள்ளிக்குள் கிடைக்கின்றன. அவற்றை இகழ வேண்டியதில்லை. ஆனால் சோதித்து வாங்க வேண்டும். ஊசியை வெளியே எடுத்துக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். நுனி துள்ளினால் ஊசி வளைந்திருக்கிறது என்று பொருள். கிண்ணத்தில் சிறிது நீர் விட்டுக் காற்றைச் செலுத்துங்கள். கிண்ணத்துக்குள் குமிழி எழுந்தால் நுனி சரியாகப் பொருந்தவில்லை. காற்று பின்னோக்கிக் கசிகிறது. உள்ளே இருக்கும் அடைப்பு வளையங்கள் தின்னரைத் தாங்குபவையா என்றும் கேளுங்கள். சாதாரண இரப்பர் வளையம் லேக்கர் தின்னரில் ஊறி உப்பிவிடும். ஊசியும் நுனியும் தனியே வாங்கக் கிடைக்குமா என்பது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. உதிரிப்பாகம் கிடைக்காத மலிவுக் கருவி, நுனி ஒருமுறை விரிசல் விட்டால் அதோடு தீர்ந்தது.

இனி, பலர் கவனிக்காமல் விடும் பகுதிக்கு வருவோம். அது காற்றுக்குப் பிறப்பிடமான கம்பிரெசர். நாங்கள் நண்பர்கள் நால்வர் இதில் அனுபவப்பட்டோம். கருவியோடு ஒட்டிக்கொள்ளும், மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பு ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினோம். காற்று சீராக வராமல் துடித்துத் துடித்து வந்தது. வண்ணமும் புள்ளி புள்ளியாக விழுந்தது. பிறகு வேறொரு கம்பிரெசரை வாங்கினோம். அதில் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி இல்லை. டிசம்பர் மாத மழை நாள் ஒன்றில், மூன்று வாரம் உழைத்துச் செய்த பஃபலோவின் இறக்கைக்கு இறுதிப் பூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கருவியின் வாயிலிருந்து வண்ணத்தோடு நீர்த்துளிகள் தெறித்தன. இறக்கை முழுவதும் அம்மைத் தழும்பு. எங்களில் இளையவர் அன்றே இந்தப் பொழுதுபோக்கைக் கைவிட்டார். மீண்டும் அவரை அழைத்துவர ஓராண்டாயிற்று.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? நம் காற்றிலிருந்துதான். ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அதாவது ஓரிடத்திலுள்ள காற்று நூறு பங்கு நீராவியைத் தாங்கும் என்றால், அதில் எண்பது பங்கு ஏற்கெனவே இருக்கிறது. கம்பிரெசர் இந்தக் காற்றை மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது என்று கொள்வோம். இப்போது நூறு பங்கு தாங்கும் இடத்தில் இருநூற்று நாற்பது பங்கு நீராவி வந்து சேர்கிறது. நெருக்கும்போது பிறந்த சூடு தணிந்ததும், தாங்க முடியாத மிகுதி நீராகிவிடுகிறது. குளிர்நாட்டார் எழுதிய வழிகாட்டிகள் ஈரவடிகட்டியை ஒரு கூடுதல் வசதியாகச் சொல்லலாம். நமக்கோ அது இன்றியமையாதது.

ஆகவே மூன்று லிட்டர் அளவுள்ள சிறு காற்றுத் தொட்டி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரவடிகட்டி ஆகிய மூன்றும் உள்ள கம்பிரெசரைத் தேடுங்கள். தொட்டி காற்றின் துடிப்பை அடக்கும். காற்று ஆறி நீர் தங்கவும் இடம் தரும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். இல்லையேல் உள்ளே துருப்பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் அது நம் நாட்டு 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கையிருப்பு குறைவானால் விலையுயர்ந்த கருவியும் மட்டமான கம்பிரெசரும் வாங்குவதைவிட, மலிவான கருவியும் நல்ல கம்பிரெசரும் வாங்குவதே அறிவுடைமை. கருவியைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். நல்ல கம்பிரெசர் பல ஆண்டு உழைக்கும்.

வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தொடங்குங்கள். முதலில் பழைய பிளாஸ்டிக் கரண்டிகளில் பழகுங்கள். லேக்கர் வண்ணத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அதன் தின்னர் விரைவாக ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வெள்ளைப் புகைபோல மங்கல் தோன்றும். மழை பெய்து ஓய்ந்த வேளையைத் தவிர்ப்பதும், மெதுவாக உலரச் செய்யும் தின்னரைச் சேர்ப்பதும் இதற்கு மருந்து.

இறுதியாக, பணத்தைவிடப் பெரியது ஒன்று. இந்தக் கருவி உமிழும் படலம் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குள் செல்லும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமானாலும் மூச்சில் இழுக்கக்கூடாது. லேக்கர் ஆவியைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது; கரி வடிகட்டி பொருத்திய கவசம் தேவை. தாமான் வீடுகளில் அறைகள் சிறியவை. அடுக்குமாடி வீடுகளில் இன்னும் நெருக்கம். குழந்தைகள் தூங்கும் அறையில் இந்த வேலை வேண்டா. புகையை வெளியே தள்ளும் அமைப்போடு, திறந்த சன்னல் அருகில் செய்யுங்கள். தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். சாமி மேடையில் விளக்கு எரியும் கூடத்திலோ அடுப்பு எரியும் சமையலறையிலோ இதைத் தொடவே கூடாது. பட்டியல் போடும்போது கவசத்துக்கான வெள்ளியை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தில் கருவியைத் தேடுங்கள்.

கைவிட்டுப் போன எங்கள் இளைய நண்பர் இப்போது மற்றொரு பஃபலோவை முடித்திருக்கிறார். மலிவான கருவிதான், 0.3 துளைதான். ஆனால் பச்சையும் பழுப்பும் சேரும் ஓரம் மென்மையாக இருக்கிறது. இறக்கையில் ஒரு நீர்த்துளித் தழும்பும் இல்லை. கருவியின் விலையைவிட, நம் காற்றை அறிந்து அதற்கேற்ப வாங்கியதே அவருக்குக் கைகொடுத்தது. நீங்களும் அவ்வாறே செய்து மகிழ்வீர்களாக.