தெரிஞ்ச பதிலுக்கு ஏன் மார்க் குறையுது? பிளஸ் டூ இயற்பியல் தேர்வை எழுதும் முறை

இந்த எபிசோட்ல புதுசா எந்தப் பாடமும் நடத்தப் போறதில்லை. நீங்க படிச்சு வச்சிருக்கிறதை விடைத்தாள்ல எப்படி எழுதணும்னு மட்டும் பேசுவோம். வகுப்புல வாயால கேட்டா கடகடன்னு சொல்ற பிள்ளை, பேப்பர்ல 70-க்கு 48 வாங்கிட்டு வந்து நிக்கும். இதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப்ல இயற்பியலுக்கு 50. அதாவது இங்க ஒரு மார்க் போனா அங்க அரை மார்க் போகுது. அந்த அரை மார்க்குக்குள்ள எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு கலந்தாய்வுக்குப் போன அண்ணன், அக்காகிட்ட கேட்டுப் பாருங்க.

முதல்ல வினாத்தாளோட கணக்கு

எழுத்துத் தேர்வு 70 மார்க், மூணு மணி நேரம். முதல் பகுதி 15 ஒரு மதிப்பெண் வினா. இரண்டாம் பகுதியில 16-லிருந்து 24 வரை ஒன்பது வினா, ஆறு எழுதணும், தலா 2 மார்க். மூன்றாம் பகுதியில 25-லிருந்து 33 வரை ஒன்பது, அதுலயும் ஆறு, தலா 3 மார்க். கடைசிப் பகுதியில ஐந்து வினா, தலா 5 மார்க், ஒவ்வொண்ணும் 'அல்லது' வகை.

இதுல 24-ஆவது வினாவும் 33-ஆவது வினாவும் கட்டாய வினா. பெரும்பாலும் கணக்காத்தான் இருக்கும். கணக்குன்னா பயம்னு அதை விட்டுட்டு வேற ஆறு வினா எழுதினீங்கன்னா, அதுல ஐந்துக்குத்தான் மார்க். ஒரு பதிலை வீணா எழுதின மாதிரி. அதனால கணக்கு முழுசா வரலைன்னாலும் அந்த எண்ணைப் போட்டு, தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க. வெறும் தாளுக்கு யாராலயும் மார்க் போட முடியாது.

அந்தப் பத்து நிமிஷம்

வினாத்தாளைப் படிக்கன்னே முதல் பத்து நிமிஷம் தர்றாங்க. அதை வீணாக்காதீங்க. 5 மார்க் வினாவுல எந்தப் பக்கம் எழுதப் போறோம்னு அப்பவே முடிவு பண்ணிடணும். பாதி தருவிச்சுட்டு, வரலைன்னு அடிச்சுட்டு அடுத்த பக்கம் போனா 12 நிமிஷம் காலி.

நேரத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்லுவேன். ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிஷம், 2 மார்க்குக்கு 25, 3 மார்க்குக்கு 45, 5 மார்க்குக்கு 80. கூட்டினா 165. மீதி 15 நிமிஷம் திரும்பிப் பார்க்க. எந்தப் பகுதியை முதல்ல எழுதுறதுங்கிறது உங்க இஷ்டம். ஆனா வினா எண் சரியா இருக்கணும், ஒரு பகுதியோட பதில்கள் ஒரே இடத்துல இருக்கணும்.

ஒரு மதிப்பெண் வினாவுல 'குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதவும்'னு வினாத்தாளிலேயே இருக்கும். வெறும் 'இ'ன்னு போட்டு விட்டுடாதீங்க. குறியீடு, விடை ரெண்டும் வேணும்.

கேள்வியோட கடைசிச் சொல்லைப் படிங்க

கூறுக, வரையறு, தருவி, வேறுபடுத்துக, காரணம் தருக. ஒவ்வொரு சொல்லும் வேற வேற பதிலைக் கேட்குது.

'மின்பாயம் வரையறு, அதன் அலகைத் தருக'ன்னு கேட்டா ரெண்டு வேலை இருக்கு. ஒரு பரப்பின் வழியே செங்குத்தாகக் கடந்து செல்லும் மின்புலக் கோடுகளின் எண்ணிக்கை, இது வரையறை. நியூட்டன் மீட்டர் ஸ்கொயர் பெர் கூலூம், இது அலகு. அலகை மறந்தீங்கன்னா பாதிப் பதில்தான்.

லென்ஸ் விதியை எடுத்துக்கோங்க. 'தூண்டப்பட்ட மின்னோட்டம் எதிர்த் திசையில் பாயும்'னு நிறைய பேர் எழுதுறாங்க. எதுக்கு எதிர்? தன்னை உருவாக்கிய காரணத்தை எதிர்க்கும் திசையில பாயும், அதுதான் விதி. அந்த 'காரணத்தை'ங்கிற ஒரு சொல் இல்லைன்னா விதியே இல்லை.

இதையே காரணம் தருக வினாவா மாத்திக் கேட்கலாம். தாமிரக் குழாய்க்குள்ள ஒரு காந்தத்தைப் போட்டா ஏன் மெதுவா விழுது? தாமிரத்தைக் காந்தம் இழுக்காதே! இங்க லென்ஸ் விதியை மட்டும் ஒப்பிச்சா பத்தாது. மூணு படி எழுதணும். காந்தம் விழும்போது குழாயோட சுவர்ல காந்தப்பாயம் மாறுது. அதனால சுவர்ல சுழல் மின்னோட்டம் உண்டாகுது. அந்த மின்னோட்டம் உருவாக்குற காந்தப்புலம் காந்தம் விழுறதை எதிர்க்குது, அதனால மெதுவா விழுது. எது மாறுது, என்ன உண்டாகுது, விளைவு என்ன. எந்தக் 'காரணம் தருக'வுக்கும் இந்த வரிசையில யோசிச்சுப் பாருங்க.

தருவித்தல்ல விட்டுப் போற வரிகள்

மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் தருவிக்கணும்னு வைங்க. படம் போடணும். படத்துல நேர்மின்துகள், எதிர்மின்துகள், நடுப்புள்ளி, தொலைவு எல்லாத்தையும் குறிக்கணும். பென்சில் போதும், கலர் வேண்டாம். அப்புறம் நேர்மின்துகளால வர்ற புலம், எதிர்மின்துகளால வர்ற புலம், ரெண்டையும் திசையோட எழுதி, கூட்டணும்.

இதுவரைக்கும் எல்லாரும் சரியாத்தான் வர்றாங்க. அடுத்து, பகுதியில இருந்த 'ஆர் ஸ்கொயர் மைனஸ் ஏ ஸ்கொயர்' திடீர்னு காணாம போயிடும், 'ஆர் கியூப்' மட்டும் நிக்கும். எப்படி? 'புள்ளி வெகு தொலைவில் உள்ளதால், ஏ-ஐ விட ஆர் மிகப் பெரியது, எனவே ஏ ஸ்கொயரைப் புறக்கணிக்கலாம்'. இந்த ஒரு வரியை எழுதினாத்தான் அடுத்த படி நியாயமாகும். கடைசியில மின்புலம் இருமுனைத் திருப்புத்திறனோட திசையில இருக்குன்னும் எழுதணும். மின்புலம் வெக்டர், திசை சொல்லாம பதில் முடியாது.

மனப்பாடம் பண்றவங்க விடுறது எப்பவும் இந்த மாதிரி வரிகளைத்தான். சமன்பாடுகள் ஞாபகம் இருக்கும், அதுக்கு நடுவுல இருக்கிற 'ஏன்' ஞாபகம் இருக்காது. அதனால படிக்கும்போதே ஒவ்வொரு படிக்கும் பக்கத்துல 'இது எப்படி வந்துச்சு'ன்னு ஒரு வரி எழுதிப் பழகுங்க.

கணக்கு: நாலு வரி ஒழுங்கு

5 ஓம் மின்தடை உள்ள கம்பியை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தா புது மின்தடை என்ன? அவசரத்துல 10 ஓம்னு எழுதிடுவாங்க.

கொடுக்கப்பட்டதை முதல்ல எழுதுங்க: மின்தடை 5 ஓம், புது நீளம் 2 எல். ரெண்டாவது சூத்திரம்: ஆர் சமம் ரோ எல் பை ஏ. மூணாவது பிரதியிடல். இங்கதான் நிதானமா யோசிக்கணும். கம்பியை இழுத்தா பருமன் மாறாது, அதனால நீளம் ரெண்டு மடங்கானா குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும். மேல 2, கீழ பாதி, ஆக 4 மடங்கு. நாலாவது விடை, அலகோட: 20 ஓம். இப்படிப் படிப்படியா எழுதினா, கடைசிப் பெருக்கல்ல தப்பு வந்தாலும் சூத்திரத்துக்கும் பிரதியிடலுக்கும் உரிய மார்க் உங்களுக்கு வரும். விடையை மட்டும் எழுதி, அது தப்பாவும் போனா ஒண்ணுமே இல்லை.

விடை வந்ததும் அது நடக்குமான்னு ஒரு தடவை பாருங்க. 100 வோல்ட்ல முடுக்கின எலக்ட்ரானோட டி ப்ராய் அலைநீளம் 1.227 ஆங்ஸ்ட்ராம். உங்களுக்கு 1.2 மீட்டர்னு வந்தா, பத்தின் அடுக்கை எங்கயோ விட்டிருக்கீங்க. ஒரு எலக்ட்ரானுக்கு ஆள் உயரத்துல பாதிக்கு மேல அலைநீளமா? அங்கேயே சந்தேகம் வரணும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வச்சு மூணு மணி நேரம் எழுதுங்க. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, வேற ஒருத்தரோட பேப்பர் மாதிரி நினைச்சு நீங்களே திருத்துங்க. எங்க மார்க் போச்சோ அங்க காரணத்தை எழுதுங்க: அலகு, படம், திசை, காரண வரி, நேரம், இல்ல நிஜமாவே தெரியலை. இந்த ஆறுல எது அதிகம்னு எண்ணுங்க. 'தெரியலை' அதிகம்னா இன்னும் படிக்கணும். மத்த அஞ்சும்னா, நீங்க ஏற்கெனவே சம்பாதிச்ச மார்க் அது. அதை எடுக்காம வராதீங்க.

அடுத்த எபிசோட்ல ஒளியியல் படங்களைப் பார்ப்போம். நல்லா எழுதுங்க. வணக்கம்.