உங்களுக்குத் தெரியுமா? பனி ஊர்க் கோழிக்கூடு

● கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். மனிதருக்கு அந்தச் சூடு வந்தால் வீடே பதறிப்போகும். கோழிக்கோ அதுதான் சுகம். இறகுகளைச் சிலிர்த்துப் பந்துபோல் உப்பிக்கொண்டால், அவற்றுக்கு இடையே சிக்கும் காற்று போர்வையாகிவிடுகிறது. ஆசியாவின் வெப்பக் காடுகளில் திரிந்த சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்த பறவை, கனடாவின் வின்னிபெக் பக்கம் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரியையும் தாங்குவது இப்படித்தான்.

● அப்படியானால் பனிக்காலத்தில் கோழி ஏன் நோகிறது? ஈரத்தால். முதல் தடவை கூடு வாங்குபவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எல்லாம் எச்சத்தோடுதான் வெளியேறுகிறது. அந்த எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம். கதகதப்பாக இருக்கட்டும் என்று பாசத்தோடு எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டால், அந்த ஈரம் முழுதும் கூட்டுக்குள்ளேயே தங்கிக் கொண்டையிலும் தாடியிலும் படியும். ஈரமான கொண்டை சீக்கிரம் உறையும். நுனி கறுத்துச் செத்துப்போகும். கூடவே எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். காலையில் கூட்டைத் திறந்ததும் உங்கள் மூக்கில் நெடி ஏறுகிறதா, ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்திருக்கிறதா? கூட்டுக்குக் காற்று போதவில்லை.

● காற்றோட்டம் வேறு, ஊதல் காற்று வேறு. கோழி அடையும் கட்டைக்கு நல்ல உயரத்தில், கூரையை ஒட்டித் திறப்புகள் இருந்தால் ஈரக்காற்று மேலே ஏறி வெளியேறிவிடும்; உறங்கும் கோழியின் மேல் காற்று வீசாது. திறப்பு கட்டையின் மட்டத்தில் இருந்தால் இரவெல்லாம் இறகு கலைந்து போர்வை போய்விடும். கடையில் கூட்டைப் பார்க்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள்.

● அமெரிக்காவில் டாக்டர் பிரின்ஸ் டி. வுட்ஸ் என்பவர் 1912இலேயே இதற்கென ஒரு புத்தகம் எழுதினார். அவர் பரிந்துரைத்த கூட்டில் தெற்கு நோக்கிய முன்பக்கம் வெறும் கம்பிவலை. குளிர்காலத்திலும் அதை மூடுவதில்லை. மற்ற மூன்று சுவர்களும் சந்தில்லாமல் இறுக்கம். கூடு அகலத்தைவிட ஆழம் அதிகம் என்பதால், பின்சுவரை ஒட்டி அடையும் கோழிகளை ஊதல் காற்று எட்டாது. குளிர்ந்த, உலர்ந்த, அசையாத காற்றில் அவை நிம்மதியாகத் தூங்கும். நூறு வருடம் தாண்டியும் அந்த வடிவத்தில் கூடு கட்டுகிறவர்கள் அங்கே உண்டு. எனக்குத் தெரிந்து, அடைத்துப் பூட்டிய எந்தக் கூட்டையும்விட இது நல்ல யோசனை.

● அடையும் கட்டை உருண்டைக் கழியாக இருக்கக் கூடாது. சுமார் நாலு அங்குல அகலத் தட்டைப் பலகை வேண்டும். கோழி அதில் உட்கார்ந்தால் வயிற்று இறகு கால்விரல்களை முழுதாக மூடிவிடும். குச்சியைப் பற்றிக்கொண்டால் விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு உறையும். ஒரு கோழிக்குப் பத்து அங்குல நீளம் விட்டால் போதும்.

● கூடு வரும் பெட்டியில் ‘ஆறு கோழிக்கு’ என்று அச்சிட்டிருக்கும். நம்பாதீர்கள். டேப்பை எடுத்துத் தரையை அளந்து பாருங்கள். கூட்டுக்குள் கோழி ஒன்றுக்கு நாலு சதுர அடி, வெளியே கம்பிவலை முற்றத்தில் எட்டு முதல் பத்து சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. ஆறு கோழிக்கு உள்தரை மட்டுமே ஆறுக்கு நாலு அடி வேண்டும். முட்டைப் பெட்டியின் இடத்தை இதில் சேர்க்கக் கூடாது. பனிநாட்டில் இந்தக் கணக்கில் கை வைக்கவே கூடாது. ஏனென்றால் தரையெல்லாம் வெள்ளையாகிவிட்டால் பல கோழிகள் பனியில் கால் வைக்கவே மறுக்கும். நாட்கணக்கில் உள்ளே நெருக்கியடித்தால் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்க ஆரம்பிக்கும். முற்றத்துக்கும் கூரை போட்டுவிட்டால் அவை வெளியே வரும்.

● உறுதியைச் சோதிக்க எளிய வழி: ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கூடு முழுதும் நெளிந்தால் விட்டுவிடுங்கள். விரல் தடிமன்கூட இல்லாத பலகையை ஸ்டேப்ளரால் அடித்து ஒட்டிய மலிவுக் கூடுகள் இரண்டாவது குளிர்காலத்திலேயே வளைந்து பிளக்கும். கூரைக்கு நல்ல சரிவு வேண்டும். ஈரப்பனியின் எடையைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

● கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும். ரக்கூன் என்ற பிராணியை வெளியே நிறுத்தாது. அதன் கை கிட்டத்தட்ட மனிதக் கை. கொக்கித் தாழ்ப்பாளை நெம்பித் திறக்கும், அறுகோண வலையைப் பிய்க்கும். வீசல் என்ற ஒல்லிப் பிராணி ஒரு அங்குல ஓட்டை கிடைத்தாலே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கனமான கம்பிவலையும், இரண்டு அசைவில் திறக்கும் பூட்டும் கேளுங்கள். வலையைத் தரைக்குக் கீழே ஒரு அடி புதைத்தால் நரி தோண்டினாலும் பலிக்காது. இரவில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. தப்பிக்க முடியாத அந்த ஜீவனுக்கு நாம் போடும் தாழ்ப்பாள்தான் காவல்.

● சூட்டு விளக்கு வேண்டாம். 250 வாட் விளக்கு ஒன்று காய்ந்த மரச்சீவல் மேல் விழுந்தால் கூடே எரிந்துபோகும். குளிர்காலத்தில் அப்படிக் கோழியோடு சாம்பலான கூடுகள் ஏராளம். விளக்குக்குப் பழகிய கோழிக்கு, மின்சாரம் போகும் இரவில் குளிரும் ஒரேயடியாக வரும். அதற்குப் பதில் தரையில் ஆறு முதல் பன்னிரண்டு அங்குலம் மரச்சீவல் போட்டு ஆழ்கூளமாகப் பராமரிக்கலாம். உலர்ந்த கூளம் ஈரத்தை உறிஞ்சும். மட்கும்போது சிறிது சூடும் தரும்.

● கியூபெக் மாகாணத்தின் ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரட் சாத்லென், கனடாவின் குளிருக்கென்றே ஒரு கோழியினத்தை உருவாக்கினார். பெயர் சாண்டிக்ளேர். கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. உறைவதற்கு அங்கே எதுவுமே நீட்டிக்கொண்டிருக்காது. 1921இல் அமெரிக்கக் கோழியினப் பட்டியலில் இடம்பிடித்தது.

● முட்டை குறைந்தால் கூட்டைக் குறை சொல்லாதீர்கள். தொடர்ந்து முட்டையிட சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் வின்னிபெக்கில் பகல் எட்டு மணி நேரம்தான். இட்ட முட்டையைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். உறைந்தால் ஓடு விரிசல் விடும்.

● தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூட்டுக்கு வெளியே, கூரை போட்ட முற்றத்தில் வையுங்கள். உள்ளே ஈரம் அவ்வளவு குறையும். தண்ணீர் உறையாமல் காக்க, அடியில் வைக்கும் சிறு சூட்டுத்தட்டுகள் விற்கின்றன. மின்சாரத்துக்குச் செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள்.

● கூடு வாங்குவதை நவம்பருக்குத் தள்ளாதீர்கள். மண் உறைந்துவிட்டால் வலை புதைக்கக் கடப்பாரைகூட இறங்காது.