ஆயிலுக்குள் இருக்கும் சுண்ணாம்பு

தரமணி கானகம் பக்கம் ஒரு ஷெட். பானெட்டைத் திறந்த மெக்கானிக், ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினார். கருப்பட்டிப் பாகு ஆறி இறுகினாற்போல ஒரு பிசின். என் வண்டி ஓடியிருப்பது 1.7 லட்சம் கிலோமீட்டர். கையோடு வாங்கிப் போயிருந்த இன்ஜின் ஃப்ளஷ் பாட்டிலை நீட்டினேன். பழைய ஆயிலில் கலந்து, 10 நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு வடித்துவிட்டால் போதும் என்று அதில் போட்டிருந்தது. அவர் கை நீட்டவே இல்லை.

"வேணாம் சார். இத்தன வருசத்து அழுக்கு, ஒரே நாள்ல பேத்தா எங்க போவும்? ஸ்ட்ரெய்னர்லதான் போய் அடைக்கும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஃப்ளஷ் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது மண்ணெண்ணெய்க்குப் பங்காளியான ஒரு மெல்லிய கரைப்பானும் கொஞ்சம் டிடர்ஜென்ட்டும்தான். இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. பிசின் கட்டிகட்டியாகப் பெயர்ந்து அதில் அப்பிக்கொண்டால் பேரிங்குக்கு ஆயில் ஏறாது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதற்குள் காரியம் கெட்டிருக்கும். காலாகாலத்தில் ஆயில் மாற்றி வந்த இன்ஜினுக்கு ஃப்ளஷ் அநேகமாகத் தேவைப்படாது. கவனிக்காமல் விட்ட இன்ஜினுக்கோ அதுவே எமன்.

பிசின் சேர்ந்ததற்கு என் ஓட்டமும் ஒரு காரணம். தினமும் திருவான்மியூர் வரை போய் வருகிறேன். அதில் பாதி நேரம் டைடல் பார்க் சிக்னலில் போய்விடும். கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். பிஸ்டன் ஓரமாகக் கசிந்து இறங்கும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றோடு அமிலமும் கரியும் சேர்ந்தால் பிசின்தான்.

இதைத் தடுக்கும் மருந்து நல்ல ஆயிலுக்குள்ளேயே கலந்து வருகிறது. அந்த மருந்தைச் செய்யும் தொழிற்சாலையும் சென்னையில் இருக்கிறது: மணலியில், சென்னை பெட்ரோலிய நிறுவனமும் செவ்ரான் ஓரோனைட்டும் கூட்டாக 1989இல் தொடங்கிய இந்தியன் அடிட்டிவ்ஸ். இத்தகைய மருந்துகளில் எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிவது கால்சியம் சல்ஃபோனேட். சில நானோமீட்டரே உள்ள சுண்ணாம்புத் துகள் நடுவில்; அதைத் தலையால் பற்றிக்கொண்டு, வாலை ஆயிலில் நீட்டியபடி சுற்றிலும் சோப்பு மூலக்கூறுகள். அமிலம் வந்து மோதினால் சுண்ணாம்பு அதை முறித்துவிட்டுத் தானும் கரைந்துபோகும். டிஸ்பர்சன்ட் என்ற இன்னொரு வகை, கரித்துகளைத் தனித்தனியே போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைக்கும். ஆயில் கறுப்பது இதனால்தான். டிப்ஸ்டிக்கில் கறுப்பைப் பார்த்ததும் மட்டமான ஆயில் என்று திட்டுகிறோம். அது அழுக்கைச் சுமந்துகொண்டு தன் வேலையைச் செய்கிறது. சுண்ணாம்பு தீர்ந்த பிறகும் அதையே ஓட்டுவதுதான் கேடு.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனரின் கதை வேறு. பாலிஈதர்அமீன் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பயன் உண்டு. அதன் நைட்ரஜன் முனை இன்ஜெக்டர் வாயிலும் இன்டேக் வால்விலும் படிந்த கரியைப் பற்றி இழுத்துவந்து சிலிண்டருக்குள் எரியவிடுகிறது. பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும். அதனால் இது எடுபடும். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் புது டர்போ இன்ஜின்களில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. எத்தனை பாட்டில் கவிழ்த்தாலும் அந்த வால்வு சுத்தமாகாது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் சுரண்டுகிறார்கள்.

அன்றைக்கு ஆயிலையும் ஃபில்டரையும் மட்டும் மாற்றினார். 2,000 கிலோமீட்டரில் திரும்ப வரச் சொன்னார். நடுவில் ஒருநாள் மாமல்லபுரம் வரை ஒரே ஓட்டமாகப் போய்வரவும் சொன்னார். பத்தாம் நாள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில், கெட்டி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது.