கூலிப்படையும் கம்பனிப்படையும்

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், அரசர்க்குரிய படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகையாகப் பகுத்து, அவற்றுள் மூலப்படையே சிறப்புடைத்தென்பர். கௌடிலியரின் அருத்தசாத்திரத்திலும் இதனையொத்த பகுப்பொன்று காணப்படுகின்றது. இப்பகுப்பிற் கூலிப்படை இகழப்படவில்லை என்பது கருதத்தக்கது. தலைமுறை தலைமுறையாக வேந்தனைச் சார்ந்து நிற்கும் படையினும் அது தாழ்ந்தது, அவ்வளவே. பொருள் கொடுத்து வீரரை அமர்த்துதல் எக்காலத்தும் எந்நாட்டும் நிகழ்ந்ததொன்று.

ஆயின், இற்றை நாளிலே தனியார் இராணுவக் கம்பனிகள் எனவும் பாதுகாப்புக் கம்பனிகள் எனவும் வழங்கப்படுவனவற்றை இவ்வாறனுள் எதன்பாற் படுத்துவது? கூலிப்படை என்று எளிதிற் கூறிவிடலாம். பத்திரிகைகளும் அவ்வாறே கூறுகின்றன. அது முற்றும் பொருந்தாதென்பதே எமது கருத்து. பழைய கூலிவீரன் பிழை செய்தால் அப்பிழைக்கு எவரைப் பிடித்துக் கேட்பது என்பது தெரிந்திருந்தது. கம்பனிப்படையிலே தெரியாதிருப்பது அதுவேயாம்.

பழைய இடர் பெரும்பாலும் கூலியைப் பற்றியது. ஐந்தாம் மகிந்தனின் கதையைச் சூளவம்சம் கூறுகின்றது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அனுராதபுரத்திலிருந்து ஆண்ட அம்மன்னன், வரிப்பொருள் ஒழுங்காக வந்து சேராமையால், தன்னிடம் பணிபுரிந்த கேரளப் படையினர்க்கு ஊதியங் கொடாதொழிந்தான். அவர்கள் அரண்மனையை வளைத்துக்கொண்டனர். அவன் சுருங்கை வழியாகத் தப்பி உரோகணம் புகுந்தான். நாட்டின் சீர்கேட்டைக் குதிரை வாணிகன் ஒருவன் சோழனுக்கு அறிவிக்க, சோழர் படை வந்தது. பின்னொருகால், சோழரை அகற்றிய முதலாம் விசயபாகு அவர்மேற் படையெடுக்க எண்ணியபோது, வேளைக்காரப் படையினர் செல்ல மறுத்துக் கலகம் விளைத்துத் தளபதியர் இருவரைக் கொன்றனர். வேளைக்காரர் பொலன்னறுவையிலே தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக உறுதி கூறித் தமிழிற் கல்வெட்டுப் பொறித்ததும் வரலாறே. கலகஞ் செய்யினும் காவல் பூணினும் அவர்கள் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரு படையாய், ஒரு மன்னனின் நாட்டினுள், அவன் தண்டத்துக்கு உட்பட்டே நின்றனர்.

இத்தாலிய நகர அரசுகளிலே இது முறையான தொழிலாயிற்று. அந்நாட்டிற் படைத்தலைவர்க்கு வழங்கிய ‘கொண்டொத்தியேரி’ என்னும் பெயர், ஒப்பந்தம் என்று பொருள்படும் ‘கொண்டொத்தா’ என்னுஞ் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயனாகிய யோன் ஹோக்வூட் பல நகரங்களுக்காக மாறி மாறிப் போர் புரிந்து, ஈற்றிற் புளோரன்சு நகரின் தளபதியாய் 1394 இல் இறந்தான். 1436 இல் உச்செல்லோ என்னும் ஓவியன் தீட்டிய அவனது குதிரையேறிய உருவத்தை அந்நகரப் பேராலயச் சுவரில் இன்றுங் காணலாம். கூலிப்படையை மாக்கியவல்லி கடுமையாகச் சாடினான் என்பது உண்மை. எனினும் தம் மைந்தரைக் களத்துக்கு அனுப்புவதினும் பொன்னை அனுப்புதல் வணிகர்க்கு எளிதாயிருந்தது.

இனி, நம் நாட்டின் வரலாற்றையே திருப்பிய ஒப்பந்தமொன்றைச் சற்று விரிவாக நோக்குவாம். சுவிற்சலாந்தைச் சார்ந்ததும், அக்காலத்திற் பிரசிய மன்னனுக்கு உரியதாயிருந்ததுமாகிய நூசாத்தலிலே சாள்சு தானியேல் தெ மியூரன் என்னும் பிரபு 1781 இல் ஒரு படையணியைத் திரட்டி, ஒல்லாந்த வணிகக் கம்பனிக்கு அதனை வாடகைக்கு விட்டான். வாடகைக்கு விட்டான் என்பது உருவகமன்று. அணி அவனுடைய உடைமை. அதன் உரிமையாளனும் தலைவனும் அவனே. அவ்வணி நன்னம்பிக்கை முனையிற் பணிபுரிந்து பின்னர் இலங்கைக்கு வந்தது. இங்கே அதனை நடத்தியவன் அவன் தம்பியாகிய பியர் பிரடெரிக்கு.

1795 இன் தொடக்கத்திற் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைக் கைப்பற்ற, அந்நாட்டுத் தலைவனாகிய வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினான். இலங்கையின் கோட்டைகள் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்துவிடும் என்று ஆங்கிலேயர் அஞ்சினர். செயிண்ட் அன்ரூசுப் பல்கலைக்கழகத்திலே வரலாறு கற்பித்த ஹியூ கிளெக்ஹோண் என்னும் பேராசிரியர் அப்போது ஓர் ஆலோசனை கூறினார்: கோட்டையைத் தாக்குவதினும் அதனைக் காக்கும் படையை வாங்கிவிடுதல் மலிவு. அவர் நூசாத்தல் சென்று பிரபுவைக் கண்டார். ஒல்லாந்தர் தர வேண்டிய நிலுவைச் சம்பளத்தைப் பற்றிய மனக்குறை அவனுக்கு இருந்தது. நிலுவை தீர்க்கப்படும், ஆங்கிலப் படையினர்க்குரிய ஊதியம் வழங்கப்படும் என்னும் பொருத்தனைகளோடு அணி முழுதும் ஆங்கிலேயர் பணிக்கு மாறுமென ஒப்பந்தம் எழுதப்பட்டது. பேராசிரியரும் பிரபுவும் எகிப்து வழியாகக் கடல் கடந்து இந்தியா வந்தனர். கொழும்புக் கோட்டையினுள் இருந்த தம்பிக்குச் செய்திக்கடிதம் ஒரு பாலாடைக்கட்டியினுள் ஒளித்து அனுப்பப்பட்டதென்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், ஒல்லாந்தத் தேசாதிபதியாகிய வான் அங்கல்பெக்கு, விருப்பமில்லாப் படையைக் கோட்டையில் வைத்திருப்பதிற் பயனில்லையெனக் கண்டு அவர்களைப் போகவிட்டான். 1796 பெப்ரவரியிற் கொழும்பு சரணடைந்தது. கரையோர இலங்கை ஒன்றரை நூற்றாண்டுக்கு ஆங்கிலேயர் கைக்குச் சென்றதிற் பீரங்கிக்கு எத்துணைப் பங்கோ, அத்துணைப் பங்கு ஒரு சம்பளப் பட்டியலுக்கும் உண்டு.

இதன் பின்விளைவும் சுவையுடையது. கிளெக்ஹோண் இலங்கையின் முதற் குடியேற்ற நாட்டுச் செயலாளரானார். சென்னையிலிருந்து வந்த வரிமுறையினாலே 1797 இல் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, காரணம் ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், கூலிப்படைத் தலைவராய் வந்த அதே பியர் பிரடெரிக்கு தெ மியூரன். தென்னை வரி முதலியவற்றை நீக்கிப் பழைய முதலியார் முறையை மீட்கவேண்டுமென அக்குழு கூறியது. படையணி 1799 இற் சீரங்கபட்டின முற்றுகையிலும் பின்னர்க் கனடாவிலும் பணிபுரிந்து 1816 இற் கலைக்கப்பட்டது. விலைக்கு மாறிய படையே ஆயினும், மாறிய நாள் முதல் அது ஆங்கிலேய மன்னனின் படைச்சட்டத்துக்கு உட்பட்டது. கொள்ளையடித்தவனை விசாரிக்கப் படைநீதிமன்றம் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் போர்த்தொழிலை அரசுகள் தம் கைக்கே எடுத்துக்கொண்டன. தனியார் போர்க்கலம் கொண்டு கடலிற் கப்பல் பிடிக்கும் வழக்கு 1856 இன் பாரிசுப் பிரகடனத்தால் ஒழிந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் பெரும்படை 1858 இல் முடிக்குச் சென்றது.

மீண்டும் கதவு திறந்தது எமது காலத்திலேயாம். பிரித்தானிய விசேட விமானப்படைப் பிரிவில் முன்பிருந்தோர் 1970களில் நிறுவிய ‘கீனி மீனி’ என்னும் கம்பனி, 1984 முதலாக இலங்கையின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி அளித்தது. அதன் விமானிகள் உலங்குவானூர்திகளையும் செலுத்தினர் என்பதைப் பின்னர் வெளியான பிரித்தானிய அரசின் ஆவணங்கள் காட்டுகின்றன. படையினரை அனுப்ப விரும்பாத அரசுக்குக் கம்பனி எத்துணை வசதியானது என்பதை இது நன்கு புலப்படுத்தும்: நட்பு நாடு உதவி பெறுகின்றது, உதவினீரோ எனக் கேட்டால் இல்லையெனலும் ஆகின்றது. அக்கம்பனியார் மீது போர்க்குற்ற விசாரணையை இலண்டன் மாநகரப் பொலிசார் தொடங்கியது 2020 இலேதான்.

நடுநிலையோடு நோக்குவார் மறுபக்கத்தையும் கூறவேண்டும். தென்னாபிரிக்காவில் 1989 இல் எழுந்த ‘எக்செக்கியூற்றிவ் அவுட்கம்ஸ்’ என்னுங் கம்பனி 1995 இற் சியறா லியோனுக்குச் சென்று, தலைநகரை நெருங்கிய கலகக்காரரைச் சில நூறு பேரைக் கொண்டே துரத்தி வைரச் சுரங்கப் பகுதியையும் மீட்டது. தேர்தலும் நடந்தது. 1997 சனவரியிற் கம்பனி வெளியேறியது. அதே ஆண்டு மே மாதத்தில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. கைகளை வெட்டுங் கலகக்காரரிடமிருந்து தப்பிய ஊரவர்க்குக் கம்பனி தெய்வமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் வாங்கிய அமைதி வாடகைக் காலம் முடிய முடிந்தது. அதே 1997 இற் பப்புவா நியூகினி அரசு, போகன்வில் தீவுக் கலகத்தை அடக்க ‘சான்ட்லைன்’ கம்பனியை 36 மில்லியன் டொலருக்கு அமர்த்தியபோது, நாட்டின் சொந்தப் படையே எதிர்த்தெழுந்து கம்பனியாரை வெளியேற்றியது. பிரதம மந்திரியும் பதவியினின்று விலகி நிற்க நேர்ந்தது.

ஈராக்குப் போரில் இத்தொழில் பேருருக் கொண்டது. 2008 இன் தொடக்கத்தில் அப்போர்க்களத்தில் அமெரிக்காவின் ஒப்பந்தப் பணியாளர் ஏறக்குறைய 1,90,000 பேர். படையினரின் தொகையும் அதனோடொத்ததே. அவருட் பெரும்பாலார் துவக்கு ஏந்தியவரல்லர். சமைப்போர், சாரதிகள், கட்டடத் தொழிலாளர். ஐந்தில் ஒரு பங்கினரே அமெரிக்கர். துவக்கு ஏந்திக் காவல் புரிந்தோர் சில பத்தாயிரவர்.

2007 செப்டெம்பர் 16 ஆம் நாள் பக்தாத்தின் நிசூர் சதுக்கத்திலே, அமெரிக்க வெளிநாட்டுத் திணைக்களத்துக்குக் காவல் புரிந்த ‘பிளாக்வாட்டர்’ கம்பனியார் சுட்டதில் 17 ஈராக்கியர் இறந்தனர். ஈராக்கிய நீதிமன்றம் விசாரிக்க இயலவில்லை. ஆக்கிரமிப்பு நிருவாகம் பிறப்பித்த 17 ஆம் கட்டளை ஒப்பந்தக்காரரை அந்நாட்டுச் சட்டத்தினின்று விலக்கியிருந்தது. படைநீதிமன்றத்துக்கும் அவர்கள் அனுப்பப்படவில்லை. கடல் கடந்த குற்றங்களைப் பற்றிய அமெரிக்கச் சட்டமோ பாதுகாப்புத் திணைக்களத்தின் பணிக்குத் துணைநின்றோரைப் பற்றியது. இவர்களுடைய ஒப்பந்தம் வேறொரு திணைக்களத்தோடு. இவ்வாறு மூன்று கதவுகளிலும் முட்டி, ஏழாண்டு கழித்து 2014 இலே நால்வர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. 2020 திசெம்பரிற் குடியரசுத் தலைவர் திறம்ப் நால்வர்க்கும் மன்னிப்பளித்தார்.

சர்வதேசச் சட்டம் என் செய்தது? செனீவா உடன்படிக்கைகளுக்கு 1977 இற் சேர்த்த முதலாம் மேலதிக நெறிமுறையின் 47 ஆம் உறுப்புரை கூலிப்போராளிக்கு இலக்கணம் வகுத்தது. போரிடுதற்கென்றே திரட்டப்பட்டிருத்தல், நேரே போரிற் பங்குகொள்ளல், பொருளாசையே நோக்கமாதல், போரிடும் நாடுகளின் குடியல்லாமை, அந்நாட்டுப் படையிற் சேராமை, வேறோர் அரசால் உத்தியோக முறையில் அனுப்பப்படாமை ஆகிய யாவும் ஒருங்கே பொருந்தவேண்டும். இலக்கணம் இறுகியது, இலக்கியம் நழுவியது. ஈராக்கில் நின்ற அமெரிக்கக் காவலன் போரிடும் நாட்டின் குடி. ஆகவே அவன் கூலிப்போராளியல்லன். அவன் ஒப்பந்தத்திற் போர் என்னுஞ் சொல்லே இல்லை. காவல் என்றே எழுதியிருக்கும். 2008 இல் 17 நாடுகள் கூடி உருவாக்கிய மொந்திரே ஆவணம், கம்பனியை அமர்த்தும் நாடு, கம்பனி தொழில் புரியும் நாடு, கம்பனி பதிவான நாடு என மூன்றையும் பிரித்து அவற்றின் கடமைகளைத் தெளிவாக எடுத்துரைக்கின்றது. நல்லதொரு ஆவணமே, ஆயின் அது கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று.

இரசியாவின் ‘வாக்னர்’ குழு வேறொரு வகை. கூலிப்போர் அந்நாட்டுச் சட்டத்திற் குற்றம். அக்குழுவுக்கும் தமக்கும் தொடர்பில்லையென அரசு பல்லாண்டு கூறிவந்தது. 2023 யூன் மாதம் அதன் தலைவர் பிரிகோசின் மொஸ்கோவை நோக்கிப் படை நடத்திய பின்னரே, முந்திய ஓராண்டில் மட்டும் 8,600 கோடி ரூபிளுக்கு மேல் அரசு கொடுத்ததெனக் குடியரசுத் தலைவர் பூட்டின் வெளிப்படக் கூறினார். ஐந்தாம் மகிந்தனின் அரண்மனை வாயில் ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே. இரண்டு மாதத்தின் பின் பிரிகோசின் விமான விபத்தில் இறந்தார்.

படைத்தலைவர்களைப் பற்றியே பேசிவிட்டு, அடித்தட்டில் நிற்போரை மறந்துவிடலாகாது. ஒரு பெருங் கம்பனி வேலையைச் சிறு கம்பனிக்குக் கைமாற்றும், அது மற்றொன்றுக்கு, ஈற்றில் எமது தெற்காசிய ஊரொன்றில் ஒரு தரகன் நிற்பான். நேபாளத்து இளைஞர் பன்னிருவர் யோர்தானில் வேலையென நம்பிப் புறப்பட்டு, ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளமொன்றுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியிற் பிடிபட்டு 2004 ஆகஸ்டிற் கொல்லப்பட்டனர். வேற்றுநாட்டுத் தளங்களிற் பணிபுரிவோர்க்குக் காப்புறுதியை விதிக்கும் 1941 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் கீழ் அவர்கள் குடும்பங்களுக்கு 2008 இல் நட்டஈடு கிடைத்தது. ஆனால் அவர்களை அங்குக் கொண்டுசென்ற ஏற்பாட்டுக்குப் பொறுப்பாளர் யாவர் எனக் கேட்டுத் தலைமை ஒப்பந்தக் கம்பனிமீது அமெரிக்க நீதிமன்றத்திலே குடும்பத்தார் தொடுத்த வழக்கு, 2017 இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. நிகழ்ச்சி அமெரிக்க மண்ணுக்கு அப்பால் நிகழ்ந்தது; அவர்கள் துணைக்கொண்ட சட்டம் அங்குச் செல்லாது என்பது தீர்ப்பிற் கூறிய காரணங்களுள் ஒன்று.