காற்றிடைவெளி என்னும் கவசம்

ஓடும் இரும்பு – 12

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பாதையைச் சென்ற வாரம் பார்த்தோம். நான்கு சிலிண்டர்களின் புகையும் குட்டையான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல், தனித்தனிக் குழாய்களில் கிட்டத்தட்ட ஒரே தூரம் ஓடி, பிறகு சேர்ந்தால் எஞ்சினுக்கு மூச்சு இலகுவாகிறது. ஹெட்டர் மாட்டுவதன் நோக்கம் அதுதான். புகை சுலபமாகப் போய்விடுகிறது, சரி. அதோடு வந்த சூடு எங்கே போகிறது? இந்த வாரக் கேள்வி அது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம், திருவிடந்தை வழியாக மாமல்லபுரம் நோக்கிப் போகும் வண்டிகளைக் கவனியுங்கள். சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் வாங்கி மாட்டிய குழாய்கள் பலவற்றில் மின்னும். மோட்டார் சைக்கிளில் அதற்குப் பெண்ட் பைப் என்று பெயர், காரில் ஹெட்டர். ஆசைக்காக மாற்றுகிறவர்கள் மட்டுமல்ல, பழைய காரில் விரிசல் விட்ட மேனிஃபோல்டுக்கு மாற்று தேடி அலைகிறவர்களும் கடைசியில் இந்தக் குழாயிடம்தான் வந்து சேர்கிறார்கள்.

முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் எஞ்சினிலிருந்து வரும் புகையின் சூடு 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். கம்பெனி மாட்டித் தரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு தடிமனானது, மெதுவாகச் சூடேறும். அதன் மேல் அச்சில் அடித்த தகட்டுக் கவசம் ஒன்றும் இருக்கும். அந்தத் தகட்டின் ஒவ்வொரு வளைவையும் பொறியாளர்கள் பல மாதம் சோதித்து முடிவு செய்திருப்பார்கள். நாம் மாட்டும் குழாயோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சீக்கிரம் சூடேறும், நீளமும் அதிகம், வளைந்து வளைந்து பல பாகங்களை உரசுவதுபோல் போகும். பழைய கவசம் அதற்குப் பொருந்தாது. ஆகவே பட்டறையில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். பிரச்சினை அந்த மூலையில்தான் தொடங்குகிறது.

சூடு மூன்று வழியில் பரவும் என்று பள்ளியில் படித்திருப்போம்: தொட்டுப் பரவுவது, காற்றோடு பரவுவது, கதிராகப் பாய்வது. ஹெட்டரைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் முதல் எதிரி. கதிர்வீச்சு, கெல்வின் கணக்கிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடும். குழாயின் மேற்பரப்பு 300 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்கு ஏறினால், அது வீசும் வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை; ஐந்து மடங்குக்கும் மேல் ஆகிறது. இருட்டில் இரும்பு மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்குவது சுமார் 525 டிகிரியில். இரவில் போனட்டைத் திறந்தால் குழாய் சிவந்து தெரிகிறது என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சிவப்பு, பக்கத்திலிருக்கும் எல்லாவற்றுக்குமான எச்சரிக்கை.

பக்கத்தில் இருப்பவை எவை என்று பார்ப்போம். ஒயரிங் கிட்டில் உள்ள சாதாரண பிவிசி உறை 70 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் முதலில் இளகும், பிறகு விறைத்து வெடிக்கும். உள்ளிருக்கும் செம்பு வெளியே தெரியும். ஃபியூஸ் போகும், சில நேரம் ஃபியூஸ் போகாமல் தீ வரும். பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் டாட் 3 வகை 205 டிகிரியிலும், டாட் 4 வகை 230 டிகிரியிலும் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140, 155 டிகிரிக்கே கொதித்துவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். பெடலை மிதித்தால் கால் பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கும். பெட்ரோலின் ஆவி, பொறி எதுவும் இல்லாமலே, சுமார் 250 முதல் 280 டிகிரி சூட்டில் தானாகப் பற்றும். எரிபொருள் ஹோஸில் ஒரு சிறு கசிவு, பக்கத்தில் கவசமில்லாத ஹெட்டர், அவ்வளவு போதும். இவை தவிர ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சின் மவுண்டிங் ரப்பர், ஆக்சில் பூட், கிளட்ச் கேபிள், ஆக்சிஜன் சென்சாரின் ஒயர் எல்லாம் அதே சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவை.

வண்டி ஓடும்போது இவ்வளவு ஆபத்து தெரியாது. காற்று உள்ளே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நின்றவுடன்தான் வினை. ஜிஎஸ்டி சாலையில் வேகமாக வந்து பரனூர் சுங்கச்சாவடியில் சித்திரை வெயிலில் வரிசையில் நிற்கிறீர்கள். எஞ்சின் ஓடுகிறது, காற்று இல்லை. குழாயில் தேங்கிய சூடு முழுவதும் போனட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு உள்ளே சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஓடும்போது நல்லபடியாக இருந்த ஒயர், நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் இளகுவது இதனால்தான். கவசத்தைத் திட்டமிடுகிறவர்கள் நின்றுவிட்ட வண்டியை மனதில் வைத்தே திட்டமிட வேண்டும்.

செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விலக்கு, பிறகு மறை, அதன் பிறகு உறை போடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணமும் போகும், பாகமும் போகும்.

விலக்குவது என்றால், ஹெட்டரை நிரந்தரமாக முடுக்கும் முன் வெறுமனே மாட்டிப் பார்த்து, அதற்கு நான்கு விரல் தூரத்துக்குள் என்னென்ன வருகிறது என்று எழுதிக்கொள்வது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். ஒயரும் ஹோஸும் வளைந்துகொடுக்கும், குழாய் கொடுக்காது. ஆகவே அவற்றைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தியதை நைலான் டையால் கட்டாதீர்கள். நைலான் 260 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகி அறும். ஒயர் நேராகக் குழாய் மேல் விழும். ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு, போல்ட்டால் பாடியோடு பிடித்துவிடுங்கள்.

அளக்கும்போது இரண்டு அசைவுகளைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தன் மவுண்டிங்கில் சாயும். குழாயும் சூட்டில் நீளும்: அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 500 டிகிரி சூடேறினால் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளரும். குளிர்ந்த எஞ்சினில் விரல் நுழையும் இடம், ஓடும் எஞ்சினில் நகம் நுழையாத இடமாகிவிடலாம். இடைவெளியில் கொஞ்சம் களிமண்ணை வைத்து, எஞ்சினைக் கையால் அசைத்துப் பார்த்தால் அது நசுங்கிய அளவே உண்மையைச் சொல்லிவிடும்.

நகர்த்த முடியாதவற்றை மறைக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தகட்டைக் குழாயோடு ஒட்டி வைத்தால் தகடும் குழாயாகிவிடும். பாகத்தோடு ஒட்டி வைத்தாலும் சூடு தகடு வழியே நேராக உள்ளே இறங்கும். கவசம் இரண்டுக்கும் நடுவில், இரு பக்கமும் காற்று நகர இடம் விட்டு நிற்க வேண்டும். மொட்டைமாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் கீழறை குளிர்வது கீற்றால் மட்டுமா? கீற்றுக்கும் தளத்துக்கும் இடையில் ஓடும் காற்றால்தானே? அதே கணக்குதான். பளபளப்பான அலுமினியத் தகடு தன் மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்றாலும், ஒரு விரல் அகல இடைவெளி இருந்தால் அந்தச் சூட்டின் பக்கமே அது போகாது. அடைசலான இடத்தில் ஸ்டெயின்லெஸ் தகடு நல்லது. அழுக்கும் எண்ணெயும் படிந்து கறுத்துப்போன தகடு பாதி வேலைதான் செய்யும். சர்வீஸுக்கு விடும்போது துடைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது உறை. விலக்கியும் மறைத்தும் மிச்சமுள்ள ஒயருக்கும் ஹோஸுக்கும் சிலிக்கான் பூசிய கண்ணாடியிழை உறை கிடைக்கிறது. தொடர்ச்சியாக 260 டிகிரி வரை தாங்கும். பழைய ஒயரில் பிவிசி உறை ஏற்கெனவே விறைத்திருந்தால், அதன் மேல் புது உறை போடுவது வீண். ஒயரையே மாற்றிவிடுங்கள்.

குழாயையே துணியால் சுற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எக்ஸாஸ்ட் ராப் என்று விற்கும் கண்ணாடியிழை நாடாவைச் சுற்றினால் போனட்டுக்குள் சூடு குறையும் என்பது மெய். பந்தய வண்டிகளில் அதைப் பார்த்துத்தான் சாலை வண்டிகளுக்கும் ஆசை வந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டி, போட்டி முடிந்ததும் பட்டறைக்குப் போகும். நாடாவை அவிழ்த்துக் குழாயைப் பார்ப்பார்கள். நம் வண்டி கடற்கரையில் இரவு முழுக்க நிற்கிறது. சுற்றிய நாடாவை வருடக்கணக்கில் யாரும் அவிழ்ப்பதில்லை.

இந்தக் கரையில் உப்பு என்ன செய்யும் என்பதற்கு மாமல்லபுரமே சாட்சி. கடற்கரைக் கோயிலின் கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே இழுக்க, தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழைப் பூசி உரித்தெடுக்கும் சிகிச்சையைச் செய்துவருகிறது. உப்புக் காற்றைத் தடுக்கக் கோயிலைச் சுற்றிச் சவுக்கு வளர்த்தார்கள். கல்லுக்கே இந்தப் பாடு என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் எஃகு எம்மாத்திரம்? இரவில் நாடா ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். நாளுக்கு நாள் அது அடர்ந்துகொண்டே போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத்தான் துளைக்கும். நாடாவுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். அந்த விரிசலிலிருந்து பீறிடும் புகை, எதைக் காப்பாற்ற நாடா சுற்றினோமோ அதையே சுடும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கரையில் கல்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில் திரவ சோடியம் 547 டிகிரிக்குச் சூடாகும் வகையில் வடிவமைத்திருக்கிறார்கள். நம் ஹெட்டரின் சூட்டுக்குப் பக்கம்தான். அதன் பெரிய பாத்திரங்களை, மாலிப்டினம் சேர்த்த 316 எல்என் என்னும் உயர்ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தார்கள். ஸ்டெயின்லெஸ் குழாய் மேல் போர்த்தும் காப்புப்பொருளில் குளோரைடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அணுமின் துறையின் பொதுவிதி. உறைக்கு அடியில் ஒளிந்து அரிக்கும் அரிப்பைக் கண்டு உலகெங்கும் ஆலைகள் அஞ்சுகின்றன. அதே அச்சம் நமக்கும் இருக்கட்டும். கடற்கரை வண்டிக்கு நாடாவைவிட, குழாயின் மேல் பீங்கான் பூச்சும், தள்ளி நிற்கும் தகட்டுக் கவசமும் பொருத்தம். மாதம் ஒரு முறையாவது, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, குழாயை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

நாடாவைப் பற்றி இன்னும் இரண்டு சேதி. எஞ்சின் ஆயில் கசிந்து நாடாவில் ஊறினால் அது திரியாகிவிடும். ஆயில் தனியாகப் பற்றும் சூட்டுக்கும் குறைவான சூட்டிலேயே புகைந்து எரியத் தொடங்கும். ஆயில் கசியும் எஞ்சினில் நாடா கூடவே கூடாது. அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. பழைய லாரி, டிராக்டர் சைலன்சர்களில் சுற்றியிருப்பதைப் பார்த்துச் சிலர் இன்னும் தேடி வாங்குகிறார்கள். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரும். மெக்கானிக்கின் உயிரை விலையாகக் கொடுத்து ஒயரைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

மாட்டி முடித்த முதல் வாரம் கவனம் வேண்டும். சூடேறி ஆறியதும் ஸ்டட் நட்டுகள் தளரும். குளிர்ந்தபின் மறுபடி முடுக்குங்கள். லேசர் புள்ளி விழும் வெப்பமானியால் அளப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பளபளக்கும் உலோகத்தில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். சூடு தாங்கும் கறுப்பு பெயிண்டை ஒரு சொட்டு வைத்து, அந்தப் புள்ளியில் அளந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளில் காலைக் காக்கும் சைலன்சர் கார்டைக் கழற்றவே கழற்றாதீர்கள். பின்னால் ஏறும் குழந்தையின் கெண்டைக்காலுக்கு அது ஒன்றுதான் காவல். சாலையில் காயும் வைக்கோல் மேலும், சவுக்குத் தோப்பில் உதிர்ந்த சருகு மேலும் சூடான வண்டியை நிறுத்த வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவு இடம் தருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுச் சாலையில் ஓடும் ஹெட்டருக்கு எந்தக் கவசமும் நியாயம் சேர்க்காது. பந்தயத் தடத்துக்கான குழாய் தடத்தோடு நிற்கட்டும். சாலை வண்டிக்கு, கன்வெர்ட்டரைத் தொடாத, அனுமதிக்குட்பட்ட மாற்றுப் பாகமே வேண்டும்.

குழாயை மாற்றும்போது, கம்பெனிப் பொறியாளர் செய்து வைத்த ஒரு வேலையையும் சேர்த்துக் கழற்றுகிறோம். அதைத் திரும்பச் செய்யும் பொறுப்பு அந்த நிமிடமே நம் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த முறை பட்டறையில் குழாய்க்கும் கூலிக்கும் எவ்வளவு என்று கேட்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: “அண்ணே, பக்கத்துல இருக்கற ஒயருக்கும் பிரேக் லைனுக்கும் என்ன தடுப்பு வைக்கப் போறீங்க?” பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விடுங்கள். தெரியாதவரிடம், கூலி பாதியாக இருந்தாலும், விடாதீர்கள்.

அடுத்த வாரம்: கடற்கரை வண்டியின் அடிப்பகுதியும் துருவும்.

(தொடரும்)